பாதியில் நின்ற மாத்திரைகள்

சென்ற மாதம் என் பள்ளித் தோழர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயிலில் அலைந்ததில் தலைவலி. மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "அலமாரியில் பழைய பிஸ்கோத்து டப்பா ஒன்று இருக்கும், அதில் பார்" என்றார். தலைவலி மாத்திரை இருந்தது. அதற்கு அடியில் வேறு சில மாத்திரை அட்டைகளும் இருந்தன. ஓர் அட்டையில் பத்துக்கு ஆறு போயிருந்தது. இன்னொன்றில் மூன்று. வேறொன்றில் ஒரே ஒரு குழி மட்டும் காலி. வாங்கிய ரசீதுகளும் கூடவே மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்று வருஷங்கள், மூன்று டாக்டர்கள்.

நண்பருக்கு என்ன உடம்பு என்று எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, உடம்பெல்லாம் வியர்த்தது, இதோ போய்விட்டோம் என்று நினைத்தார். ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் பரிசோதித்து, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். இப்படி மூன்று தடவை நடந்த பிறகு ஒரு டாக்டர், இது இருதயக் கோளாறு அல்ல, பீதி நோய் என்று சொன்னார். அதோடு மனச்சோர்வும் கலந்திருக்கிறது என்று சொல்லி, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். பீதி நோய்க்கும் அதுதான் மருந்து.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டேன்.

"வியாதி வாரத்துக்கு ஒரு தடவைதான் வந்தது. மருந்து தினமும் வந்ததே!" என்றார்.

"டாக்டரிடம் என்ன சொன்னாய்?"

"முழுவதும் சாப்பிட்டேன் என்று சொன்னேன். நிறுத்தினேன் என்றால் கோபித்துக்கொள்வாரே!"

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல்களில் ஒன்று, வைத்தியர்களுக்கு ஓர் எச்சரிக்கை செய்கிறது. நோயாளிகள் பிடிக்காத கஷாயத்தைக் குடிக்காமலே குடித்துவிட்டதாகச் சொல்வார்கள், கவனமாக இரு, பழி உன் தலையில்தான் விழும் என்று. ஆகவே பொய் பழையதுதான். ஆனால் என் நண்பரின் டப்பாவில் இருந்த மருந்துகளின் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது, பொய் சொன்ன குற்றத்தை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சரித்திரம் ஒரு நாவலைவிடச் சுவையானது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரியில் ஆரம்பமாகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் ஸீ வியூ என்ற ஆஸ்பத்திரி. 1952-ஆம் ஆண்டு. ஐஸோநயஸிட், இப்ரோநயஸிட் என்ற இரண்டு புது மருந்துகளை அங்கே க்ஷயரோகிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஹைட்ரஸீன் என்ற திரவத்தின் வம்சத்தில் வந்தவை. யுத்த காலத்தில் ஜெர்மானியர்கள் ராக்கெட்டுகளுக்கு எரிபொருளாக உபயோகித்தார்களே, அதே ஹைட்ரஸீன்தான். மருந்து சாப்பிட்டவர்களின் நுரையீரல் ஒரு பக்கம் இருக்கட்டும்; அவர்கள் முகமே மாறிவிட்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்காதவர்கள் எழுந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், வார்டில் நடனமாடினார்கள். பத்திரிகைகளில் படம்கூட வெளிவந்தது. இப்ரோநயஸிட்தான் இந்த விஷயத்தில் அதிகக் குறும்பு செய்தது. க்ஷயரோக வைத்தியர்களுக்கு இந்தக் கும்மாளம் வேண்டாத தொந்தரவாக இருந்தது. நேதன் க்ளைன் என்ற மனநோய் வைத்தியர்தான், இதையே ஏன் மருந்தாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று துணிந்தவர்களில் முக்கியமானவர். 1957-ல் அவர் தம்முடைய முடிவுகளை வெளியிட்டார். ஒரே வருஷத்துக்குள் சுமார் நான்கு லட்சம் பேர் அந்த மருந்தைச் சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் மஞ்சட்காமாலை வந்தது. மருந்து சிலருடைய ஈரலைக் கெடுத்தது. 1961-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். மனச்சோர்வு மருந்து பிறந்த வீட்டிலேயே பயமும் கூடப் பிறந்துவிட்டது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சமயத்தில் ஸ்விட்ஸர்லாந்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், மியுன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநோய் ஆஸ்பத்திரியில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர் வேறொரு மருந்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். பேஸல் நகரத்து கைகி கம்பெனி அனுப்பிய மருந்து அது. பெயர்கூடக் கிடையாது, ஜி 22355 என்ற எண்தான். சித்தப்பிரமை பிடித்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிரயோஜனம் இல்லை, சிலருக்குக் கோளாறு அதிகமாயிற்று. பிறகு 1956 ஜனவரியில், ஆழ்ந்த சோர்வில் கிடந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார். ஆறாம் நாள் அவள் மாறியிருந்தாள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஸூரிச் நகரத்து உலக மாநாட்டில் அவர் இதை எடுத்துச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தானாம். அந்த எண்ணுக்குப் பின்னால் இமிப்ரமின் என்று பெயர் வைத்தார்கள். பல ஆண்டுகளுக்கு மனச்சோர்வு வைத்தியத்துக்கு அதுவே ராஜா.

ராஜாவிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. அவர் வருவதற்கு முன்னாலேயே அவருடைய சேவகர்கள் வந்து வீட்டைக் கலக்கிவிடுவார்கள். வாய் வறட்சி, வியர்வை, மலச்சிக்கல், தலைசுற்றல், கை நடுக்கம் எல்லாம் முதல் நாளே ஆஜர். மனத்தெளிவு என்னும் ராஜா மட்டும் இரண்டு வாரம் கழித்து வருவார். சிலருக்கு நாலு வாரம். அந்த முதல் பெண்மணிக்கு ஆறு நாளில் வந்தது அதிர்ஷ்டம். என் நண்பர் ஆறாவது நாள்தான் மாத்திரையை டப்பாவில் போட்டார்!

கேட்டுப் பாருங்கள்: எந்த மருந்தை நாம் நம்புகிறோம்? தலைவலி மாத்திரை அரை மணியில் வேலை செய்கிறது, நம்புகிறோம். கஷ்டத்தை இன்று கொடுத்துச் சுகத்தை அடுத்த மாதம் தருகிறேன் என்கிற மருந்தை நம்புவதற்குக் கொஞ்சம் நம்பிக்கை கையிருப்பு வேண்டும். மனச்சோர்வு என்பதே அந்தக் கையிருப்பு தீர்ந்து போன நிலைமைதான். காலில் புண் வந்தவன் மருந்து போடலாமா என்று தன் மூளையால் யோசிக்கிறான். மனச்சோர்வு வந்தவனோ புண்பட்ட இடத்தினாலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. 'எதுவும் பலிக்காது' என்பது அந்த நோயின் குரல். அது டாக்டரின் குரலைவிட மிகவும் பக்கத்தில் கேட்கிறது.

மியுன்ஸ்டர்லிங்கனில் இந்தப் பிரச்னை எழவில்லை. ஏன் தெரியுமா? அங்கே தாதி மாத்திரையைக் கொண்டு வந்து கொடுத்து, விழுங்கும் வரையில் நின்றாள். நோயாளியின் சம்மதத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1946 முதல் 1980 வரையில் அந்த ஆஸ்பத்திரியில் அறுபதுக்கு மேற்பட்ட புதுப் பொருள்கள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன என்றும், பல பேருக்கு விஷயமே தெரிவிக்கப்படவில்லை என்றும் ஸ்விஸ் சரித்திர ஆசிரியர்கள் 2019-ல் ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். கூன் கண்டுபிடித்த உண்மை உண்மைதான். அது கிடைத்த வழியைப் படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. எப்படியானாலும், மருந்தை நிறுத்துவது என்கிற பேச்சே அங்கு இல்லை. மாத்திரை ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டி வீட்டு அலமாரிக்கு வந்த பிறகுதான் நோயாளியின் கைக்கு அதிகாரம் வந்தது.

இந்த இடத்தில் நம்முடைய ஊர் குறுக்கே வருகிறது. நானாக வலிய இழுத்து வரவில்லை. ஸீ வியூ ஆஸ்பத்திரியின் இரட்டை மருந்துகளில் ஐஸோநயஸிட் நல்ல க்ஷயரோக மருந்தாக நிலைத்துவிட்டது அல்லவா? அதை வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கலாமா என்ற சோதனை 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஆரம்பமாயிற்று. சானிடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்ற நோயாளிகள் ஒரு பக்கம். நெருக்கடியான வீடுகளில் வயிற்றுக்குப் போதாமல் இருந்த நோயாளிகள் மறு பக்கம். ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் வெளியான அறிக்கை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அந்தக் குழுவின் தலைவரான வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கவலை. கொடுத்த மாத்திரையை உண்மையில் விழுங்குகிறார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் அனுப்பி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். பார்த்தால், நல்லவர்கள், படித்தவர்கள், பொறுப்பானவர்கள் என்று எண்ணியிருந்தவர்களும் இடையில் விட்டிருந்தார்கள். இருமல் நின்றதும் விட்டவர்கள், வயிற்றைக் குமட்டியதால் விட்டவர்கள் என்று பல ரகம். சென்னைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வாரம் இரண்டு நாள் வரச் சொல்லி, கண்ணெதிரே மருந்து கொடுப்பது. 1964-ல் வெளியான அந்த முறை பிற்காலத்தில் உலகமெங்கும் பரவியது.

க்ஷயரோகத்துக்கு இது சரி. மாத்திரையை எண்ணலாம், எக்ஸ்ரே எடுக்கலாம், எதிரே நின்று விழுங்கச் சொல்லலாம். மனத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எந்தப் படம் பிடித்துப் பார்ப்பது? மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கு நோயாளியின் வாய்மொழியே சாட்சி. அந்தச் சாட்சியும் சில சமயம் பிறழ்சாட்சி சொல்லும். இதற்கு ஓர் அருமையான கதை உண்டு.

1959-ல் நியூயார்க்கில் ஹில்ஸைட் என்ற ஆஸ்பத்திரியில் டொனால்ட் க்ளைன் என்ற இளம் வைத்தியர் இருந்தார். (முன்னே சொன்ன நேதன் க்ளைன் வேறு, இவர் வேறு. மனச்சோர்வு மருந்துக்கும் க்ளைன்களுக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம்!) அவருடைய வார்டில் சில நோயாளிகள் நாளைக்கு மூன்று நாலு தடவை தாதிகள் இருக்கும் அறைக்கு ஓடி வருவார்கள். "செத்துப் போகிறேன்!" என்று அலறுவார்கள். தாதி கையைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பாள். அடங்கிவிடும். மறுபடி ஓட்டம். யாருக்கும் இதற்கு மருந்து தெரியவில்லை. புதிதாக வந்த இமிப்ரமினைத்தான் கொடுத்துப் பார்ப்போமே என்று டொனால்ட் க்ளைன் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து நோயாளியைக் கேட்டார். "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்றான் நோயாளி. அவனோடு பேசிச் சிகிச்சை செய்துவந்த டாக்டரைக் கேட்டார். அவரும் இல்லை என்றார். வார்டுத் தாதியைக் கேட்டார். "நன்றாகத் தேறியிருக்கிறானே!" என்றாள் அவள். எப்படித் தெரியும்? "அவன் இப்போது என்னிடம் ஓடி வருவதே இல்லையே!"

நோயாளியை மறுபடி விசாரித்தால், அவனும் அதை ஒப்புக்கொண்டான். ஆனால், எந்த நிமிஷம் வருமோ என்கிற பயம் அவனுக்குப் போகவில்லை. அந்தப் பயம் இருக்கும் வரையில் தான் தேறிவிட்டதாக அவன் எப்படி நினைப்பான்? திடீரென்று வரும் பீதி வேறு, அதை எதிர்பார்த்து நடுங்குவது வேறு என்று டொனால்ட் க்ளைன் இதிலிருந்து கண்டார். 1962-லும் 1964-லும் எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் பீதி நோயைத் தனி நோயாகத் தங்கள் ஜாபிதாவில் சேர்த்ததற்கு வேர் இங்கேதான். அந்தத் தாதி மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், மருந்து பயனற்றது என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் தாதி இருந்தாள். வீட்டிலே அந்தச் சாட்சியை யார் சொல்வது?

பீதி நோய்க்காரர்களிடம் இன்னொரு வேடிக்கையும் தெரியவந்தது. வேடிக்கை என்று நாம் சொல்லலாம், அவர்களுக்கு அது வேடிக்கை அல்ல. சோர்வு நோயாளிக்குக் கொடுக்கும் அளவை இவர்களுக்குக் கொடுத்தால், சிலருக்கு முதல் சில நாட்களில் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. கைகால் பதறும், தூக்கம் போய்விடும், நெஞ்சு படபடக்கும். ஆகவே பத்து மில்லிகிராம் போன்ற சிட்டிகை அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் கற்றுக்கொண்டார்கள். பிற்காலத்து மருந்துகளிலும் இந்தத் தொல்லை உண்டு. ஆக்ஸ்போர்டில் இருந்த டேவிட் க்ளார்க் என்ற மனநூல் அறிஞர் 1986-ல் இந்த நோய்க்கு ஒரு விளக்கம் சொன்னார். உடம்பில் சாதாரணமாக எழும் படபடப்பை இவர்கள் மரணத்தின் காலடி ஓசையாக எடுத்துக்கொள்கிறார்கள், அந்த எண்ணத்தால் பயம் ஏறுகிறது, பயத்தால் படபடப்பு ஏறுகிறது, சுழல் பெரிதாகிறது. சரி, தன் நெஞ்சுத் துடிப்பையே இரவும் பகலும் காவல் காத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்கு, நெஞ்சைப் படபடக்க வைக்கும் மாத்திரையைக் கொடுத்து, "சாப்பாட்டுக்குப் பின் ஒன்று" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அவன் என்ன செய்வான்? என் நண்பர் செய்ததைத்தான் செய்வான். ஆறு நாள் தாங்கினாரே, அதுவே வீரம் என்பது என் அபிப்பிராயம்.

நோயாளி சொன்னதைக் கேட்டால் என்ன லாபம் என்பதற்குப் பாலாடைக்கட்டிக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இப்ரோநயஸிட்டின் தாயாதி மருந்துகளைச் சாப்பிட்ட சிலருக்கு 1960-களின் ஆரம்பத்தில் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் பாரி ப்ளாக்வெல் என்ற இளைஞர் இதைப் பற்றி எழுதினார். நாட்டிங்ஹாமிலிருந்து மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் போட்டார்: என் மனைவி இந்த மருந்தைச் சாப்பிடுகிறாள், பாலாடைக்கட்டி சாப்பிட்டபோது இப்படித் தலைவலி வந்தது, சம்பந்தம் இருக்குமோ? முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ப்ளாக்வெல் தாமே மருந்தைச் சாப்பிட்டுப் பாலாடைக்கட்டியும் தின்று பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. ஆஸ்பத்திரியில் தலைவலி வந்தவர்களை விசாரித்தால் ஒவ்வொருவர் தட்டிலும் பாலாடைக்கட்டி! 1963-ல் குட்டு வெளிப்பட்டது. பழைய பாலாடைக்கட்டியில் உள்ள டைரமின் என்ற பொருளை இந்த மருந்து உடம்பில் அழிய விடுவதில்லை. ரத்த அழுத்தம் எகிறுகிறது. பத்து வருஷம் கழித்து, 1973-ல், நோயாளிகள் ஏன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று புகழ்பெற்ற அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? இதே ப்ளாக்வெல்தான்.

அந்தக் காலத்தில் வைத்தியர்கள் இதற்கு இட்ட பெயர் 'கட்டுப்படாமை'. பள்ளிக்கூடத்துப் பிரம்பு வாசனை அடிக்கும் வார்த்தை. பிற்பாடு வெட்கப்பட்டு வேறு பெயர்கள் வைத்தார்கள். தெருவுக்குப் பெயர் மாற்றினால் சாக்கடை மாறிவிடுமா?

1988 தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு ப்ரோஸாக் வந்தது. பாலாடைக்கட்டிப் பத்தியம் இல்லை. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் குறைவு. ஒருவன் துயரத்தில் ஒரு கைப்பிடி விழுங்கினாலும் பழைய மருந்து போல உயிரை வாங்காது. இது பெரிய நன்மை, மறுக்கக் கூடாது. இனி யாரும் பாதியில் நிறுத்த மாட்டார்கள் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. ஆனால் நிறுத்தினார்கள். ஸியாட்டில் நகரத்தில் ஒரு கூட்டுறவு வைத்திய நிலையத்தில் மனச்சோர்வு மருந்து எழுதிக் கொடுக்கப்பட்ட 155 பேரை விசாரித்து 1995-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் மாதத்திலேயே நூற்றுக்கு 28 பேர் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் 44 பேர்.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த எண்கள் அல்ல. யார் முதல் மாதத்தைத் தாண்டினார்கள் என்றும் அவர்கள் பார்த்தார்கள். தினமும் சாப்பிட வேண்டும், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், தேறினாலும் தொடர வேண்டும், கேட்காமல் நிறுத்தக் கூடாது, சந்தேகம் வந்தால் இன்னாரைக் கேள் என்ற நாலைந்து வார்த்தைகளை டாக்டர் வாயால் கேட்டவர்கள் அதிகம் தாண்டினார்கள். முன்பு இப்படிப்பட்ட மருந்து சாப்பிட்டிருக்கிறாயா, அப்போது எப்படி இருந்தது என்று யாரை டாக்டர் விசாரித்தாரோ அவர்களும் தாண்டினார்கள். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் சொல்லிவிடக் கூடிய விஷயங்கள்! என் நண்பரின் மூன்று டாக்டர்களில் ஒருவராவது முன் டாக்டரின் மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டாரா என்று கேட்டேன். ஒருவரும் கேட்கவில்லையாம்.

கேட்காவிட்டால் சொல்ல முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. இந்தப் புது மருந்துகள் பலருக்குத் தாம்பத்திய சுகத்தைக் கெடுக்கின்றன. ஸ்பெயின் தேசத்து வைத்தியர்கள் 1997-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: தாங்களாகவே இந்தக் குறையைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 14 பேர், டாக்டர் நேராகக் கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் 58 பேர். இடையில் உள்ள 44 பேர் என்ன செய்திருப்பார்கள்? சிலர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் டப்பாவில் போட்டிருப்பார்கள். போட்டுவிட்டு, "மறந்துவிட்டது, டாக்டர்" என்று சொல்லியிருப்பார்கள்.

இனி, பழகிவிடுமோ என்கிற பயம். சாராயம், அபின், தூக்க மாத்திரை என்று உலகம் பட்ட அடிகள் கொஞ்சமல்ல. 1990-களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தின் வைத்தியக் கல்லூரிகள் இரண்டு சேர்ந்து, மனச்சோர்வை முறியடிப்போம் என்று ஒரு பெரிய பிரசாரம் நடத்தின. அதற்கு முன்னால் 2,003 பேரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். மனச்சோர்வு மருந்து அடிமைப்படுத்தும் என்று நூற்றுக்கு 78 பேர் சொன்னார்கள். ஐயோ, ஜனங்களுக்கு எவ்வளவு அறியாமை என்று பிரசாரகர்கள் வருந்தினார்கள். இந்த மருந்து அபின் போல் அல்ல, பயப்படாதீர்கள் என்று எடுத்துச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னது பொய் அல்ல. இந்த மாத்திரைக்காக யாரும் மனைவியின் தாலியை அடகு வைப்பதில்லை. மேலும் மேலும் வேண்டும் என்று நாக்கு ஊறுவதில்லை. ஆனால் முழு உண்மையும் அல்ல. இமிப்ரமினைத் திடீரென்று நிறுத்தினால் உபத்திரவம் வருகிறது என்று 1959-லேயே வைத்தியப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. புது மருந்துகளிலும் அப்படியே. தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், அழுகை, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்ச்சி. 2002-ல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிலையம் இவற்றில் ஒரு மருந்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியபோது, தங்களுக்கும் இப்படித்தான் ஆயிற்று என்று ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். மேலும் பதினேழு வருஷம் கழித்து, 2019-ல், லண்டனில் உள்ள மனநோய் வைத்தியர்களின் ராயல் கல்லூரி தன்னுடைய பழைய அபிப்பிராயத்தைத் திருத்திக்கொண்டது. சிலருக்கு இந்த உபத்திரவம் கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கலாம் என்றும், அளவை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டது.

ஆகவே அந்த 78 பேர் வார்த்தையில் பிசகினார்களே தவிர, வாசனையில் பிசகவில்லை. பெரியவர்கள் 'இல்லவே இல்லை' என்று அடித்துச் சொன்னதற்குப் பதிலாக, 'இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி. இறங்குவதற்கு வழி உண்டு' என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒரு தடவை ஒரு விஷயத்தில் ஏமாந்ததாக நினைக்கும் நோயாளி, அடுத்த விஷயத்தில் உண்மை சொன்னாலும் நம்ப மாட்டான். அதோடு இதில் ஒரு கோணல் இருக்கிறது. மாத்திரையைச் சட்டென்று விட்டவனுக்கு மூன்றாம் நாள் தலை சுற்றி நெஞ்சு படபடக்கிறது. ஒருவன், 'பழைய வியாதி திரும்பிவிட்டது, ஆயுள் முழுவதும் இதுதான் கதி' என்று முடிவு செய்கிறான். இன்னொருவன், 'பார்த்தாயா, அடிமையாக்கிவிட்டது, இனி தொடவே மாட்டேன்' என்று சபதம் செய்கிறான். இருவருக்கும் வந்தது ஒரே தலைசுற்றல்தான்.

அப்படியானால் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் புத்திசாலிகளா என்று கேட்டால், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு, தேறி, நிறுத்தலாமா என்று யோசிக்கும் நிலையில் இருந்த 478 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து தொடர்ந்தது. மற்றப் பிரிவுக்குப் படிப்படியாகக் குறைத்து, அதே உருவத்தில் வெறும் மாத்திரை கொடுத்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்துக்குள், மருந்து தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும், நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கும் நோய் திரும்பியது. இந்தக் கணக்கை எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு பக்கமாகச் சாய முடியவில்லை. தொடர்ந்தாலும் வருகிறது, நிறுத்தினால் இன்னும் அதிகம் பேருக்கு வருகிறது, ஆனால் நிறுத்தியும் வராதவர்கள் 44 பேர் இருக்கிறார்கள். நாம் எந்தப் பக்கம் என்று யாருடைய நெற்றியிலும் எழுதியில்லை. இத்தனையையும் எடை போட்டுப் பார்க்க வேண்டியவன் ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக முடிவு செய்கிறான். திரும்பி வரும் மனச்சோர்வு சாமானியமான விருந்தாளி அல்ல. சிலரை அது உயிரோடு கொண்டு போய்விடுகிறது.

என் நண்பரிடம் இதையெல்லாம் ஒரு மாலை முழுவதும் சொன்னேன். நான் பேசினால் அவருக்குத் தூக்கம் வருவது வழக்கம், அன்று வரவில்லை. மறு வாரம் பிஸ்கோத்து டப்பாவையே எடுத்துக்கொண்டு, முதலில் பார்த்த டாக்டரிடம் போனாராம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அட்டைகளை மேஜைமேல் வரிசையாக வைத்து எண்ணிவிட்டு, "ஆறாம் நாள் என்ன ஆயிற்று?" என்று கேட்டாராம். நாலு வருஷத்தில் முதல் தடவையாக நண்பர் அந்த ஆறாம் நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இப்போது மாத்திரையைக் கால் பங்காக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்து, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

நேற்று போயிருந்தேன்.

"எப்படி இருக்கிறது?" என்றேன்.

"ஒரு பிரயோஜனமும் இல்லை" என்றார், நியூயார்க் நோயாளியைப் போலவே. "இந்த மாதத்தோடு விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்."

காபி கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "பதினைந்து நாளாக ராத்திரி என்னை எழுப்பவே இல்லை, அண்ணா" என்றாள்.

நண்பர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா?" என்றார்.